வெட்டி வேலை

பிளாஸ்மா கட்டர் மின்சாரம் பாயும் பொருளைத்தான் வெட்டும். எங்கள் விருத்தாசலத்தில் செய்து விற்பதோ மின்சாரம் பாயவே கூடாது என்பதற்காகச் செய்யப்படுகிற சரக்கு. செராமிக் தொழிற்பேட்டையிலிருந்து ஃபியூஸ் கேரியர் போகிறது, இன்சுலேட்டர் போகிறது, கூடவே அகல் விளக்கும் பொம்மையும் போகின்றன. நெய்வேலியில் நிலக்கரிக்குத் தோண்டும்போது கிடைத்த களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில் இது. இப்பேர்ப்பட்ட ஊரில், ஊர்ச்சரக்கு ஒன்றின் மேலும் கைவைக்க முடியாத ஒரு மிஷினுக்கு மென்பொருள் தேர்ந்தெடுத்துத் தரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

மிஷின் என் மைத்துனருடையது. கிரில் பட்டறை வைத்திருக்கிறார். இப்போதெல்லாம் வீடு கட்டுகிறவர்கள் கம்பி வளைத்த கேட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தகட்டில் மயிலோ வேலோ ஓம் எழுத்தோ வெட்டிய 'சிஎன்சி கேட்' தான் வேண்டும் என்கிறார்கள். அதற்காக நாலுக்கு நாலு அடியில் ஒரு சின்ன பிளாஸ்மா மேஜை போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அது சும்மா கிடக்கும். நான் எல்லாக் கிழமையும் சும்மா கிடப்பவன். எனவே பொருத்தம் பார்க்கவே தேவையிருக்கவில்லை.

"எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்று கேட்பதே தப்பு என்று நான் கண்டுபிடித்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வேலை மூன்று. படம் வரைவது ஒன்று. அந்தப் படத்தின் மேல் சுடர் உமிழும் டார்ச் எங்கே நுழைந்து எந்தப் பக்கமாகப் போய் எங்கே முடிய வேண்டும் என்று பாதை போட்டு அதை ஜி-கோடாக எழுதுவது இன்னொன்று. அந்த ஜி-கோடைப் படித்து மோட்டாரை ஓட்டுவது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே ஆள் கிடைத்தால் சம்பளம் அதிகம் கேட்பார். தனித்தனி ஆள் வைத்தால் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாது. இதை நான் சாப்பாட்டு நேரத்தில் விளக்கியபோது வீட்டில் எல்லோரும் சீக்கிரம் சாப்பிட்டு எழுந்தார்கள்.

எங்கள் ஊர்ப் பழமலைநாதர் கோயிலில் கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, தேர் ஐந்து. என் லேப்டாப்பிலும் மென்பொருள் ஐந்தானது. ஃப்யூஷன் 360 இலவசம் என்றார்கள். 2020-இல் இலவசக்காரர்களின் பிடியை இறுக்கி, ஒரே சமயத்தில் பத்துக் கோப்புகளைத்தான் திருத்தலாம் என்று ஆக்கிவிட்டார்கள். என்னிடம் முடிக்காத கோப்புகள் மட்டுமே பத்துக்கு மேல். ஃப்ரீகேட் 2002-இல் முதல் பதிப்பு வெளியிட்டு, 1.0 என்று சொல்லிக்கொள்ள 2024 நவம்பர் வரை காத்திருந்தது. அந்த நிதானம் எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. லிப்ரேகேட் நேர்கோட்டுக்காரருக்கு. இங்க்ஸ்கேப் வளைவுக்காரருக்கு, இலவசம், தமிழ் யூனிகோடையும் ஒழுங்காகக் காட்டும். பாதை போட ஷீட்கேம். அதன் சோதனைப் பதிப்பு குறிப்பிட்ட சில வரிகளோடு நின்றுவிடும். வாட்ஸ்அப்பில் வந்த மயில் படத்தைத் தானாகவே கோடாக்கச் சொல்லி, ஆயிரக்கணக்கான புள்ளிகளோடு அதற்குள் திணித்தேன். கொண்டை முடிவதற்குள் வரி தீர்ந்தது.

ஒன்றில் வரைந்து இன்னொன்றில் திறப்பது தனிக் கதை. சுந்தரர் பன்னீராயிரம் பொன்னை இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்பார்கள். நானும் இங்க்ஸ்கேப்பில் போட்டதை ஷீட்கேமில் எடுத்தேன். அவருக்கு மனைவி பரவை நாச்சியார் பக்கத்தில் நின்று சந்தேகப்பட்டாராம். எனக்கும் ஒருவர் நின்றார். இரண்டுக்கும் நடுவே போகிற டிஎக்ஸ்எஃப் கோப்பில் பல சமயம் எண் மட்டும்தான் போகும். அது மில்லிமீட்டரா அங்குலமா என்பது வாங்குகிறவர் பாடு. 300 மி.மீ. பெயர்ப்பலகை 300 அங்குலமாக வந்து இறங்கியது. அதாவது 25 அடி. எங்கள் மனையின் முகப்பே அவ்வளவு கிடையாது.

பெயர்ப்பலகை என்றால் 'அன்னை இல்லம்'. என் மனைவி ஆசைப்பட்டுக் கேட்ட ஒன்றே ஒன்று. தகட்டில் எழுத்தை வெட்டியெடுத்து, பின்னால் விளக்குப் போட வேண்டும். இதில் வில்லங்கம் சுழியில் இருக்கிறது. 'அ'வைச் சுற்றி வெட்டினால் கீழே உள்ள சுழியின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. டங்கென்று மேஜைக்கு அடியிலுள்ள தொட்டிக்குள் விழுந்துவிடும். ன, ல, ம எல்லாவற்றுக்கும் இதே கதி. 'இ'யும் ஐகாரக் கொம்பும் சுழியாலேயே ஆனவை. விழாமலிருக்க ஒவ்வொரு சுழிக்கும் சின்னப் பாலம் விட வேண்டும். விட்டால் எழுத்து, எலி கடித்ததுபோல் ஆகிறது. சரி, எழுத்தையே தனித்தனியாக வெட்டி ஒட்டலாமென்றால், புள்ளிகள் மூன்றும் தனியே உதிர்ந்து வாசலில் 'அனனை இலலம' என்று நிற்கும்.

முதல் வழியில் புள்ளி வெறும் ஓட்டைதானே, அதிலென்ன கஷ்டம் என்று நினைக்கலாம். தகட்டின் கனத்தைவிடச் சின்ன ஓட்டை பிளாஸ்மாவுக்குச் சரியாக வராது. துளைக்கும்போதே உருகிய இரும்பு கொப்பளித்து, புள்ளி பொரி உருண்டையாகிவிடும். ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியே வைக்கவில்லை. எழுத்தாணி குத்தி ஓலை பொத்துக்கொள்ளும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். ஓலைக்கு வந்த சங்கடம் 3 மி.மீ. தகட்டுக்கும் வந்திருக்கிறது. ஃப்ளெக்ஸ் கடைத் தம்பியிடம் போனேன். "கோரல்ல அடிச்சு கர்வ் பண்ணித் தந்துடுறேன் சார்" என்று ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கொடுத்தார். எழுத்து அழகாக இருந்தது. சுழி சுழியாகத்தான் இருந்தது.

இன்னொன்று, வெட்டுக்கும் அகலம் உண்டு. இருபதாயிரம் டிகிரியைத் தாண்டும் சுடர், போகிற வழியில் ஒன்றரை மில்லி இரும்பைத் தின்றுவிடும். அதில் பாதியை வெளிக்கோட்டுக்கு வெளியேயும் ஓட்டைக்கு உள்ளேயும் மென்பொருள் தள்ளிக்கொள்ள வேண்டும். அதற்கு உள் எது, வெளி எது என்று தெரிய வேண்டும். கோட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அதற்குத் தெரியாது. செராமிக் யூனிட் வைத்திருக்கும் எதிர்வீட்டு அண்ணனுக்கு இதை விளக்க நோட்டும் பேனாவும் எடுத்துப் போனேன்.

"எவ்ளோ திங்கும்?"

"ஒன்றரை மில்லி அண்ணே."

"நமக்கு மண்ணு காயறதுலயும் சூளையிலயும் நூத்துக்குப் பத்துக்கு மேல சுருங்கும் தம்பி. அச்சு போடும்போதே கூட்டிப் போட்டுருவோம். இதுக்கா நோட்டு?"

நோட்டை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அங்கிருந்து திரும்பும்போதுதான் அந்த மகத்தான யோசனை உதித்தது. எழுத்துக்கு ஏற்ற மென்பொருளைத் தேடுவானேன்? மென்பொருளுக்கு ஏற்ற எழுத்தைத் தேடினால் என்ன? சுழியும் புள்ளியும் இல்லாத வீட்டுப் பெயராகப் பார்த்தால் போயிற்று. உட்கார்ந்து சலித்தேன். கையில் தேறியவை முக்கியமாக ட, ப, ய, ர, அப்புறம் துணைக்கால். இவற்றை வைத்துத் தமிழில் மங்களகரமாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. 'டாடா' அமைந்தது, போகிறவர்களுக்குச் சரி, வருகிறவர்களுக்குச் சரியில்லை. 'பாரா' என்று வைத்தால் காவல் நிலையம் என்பார்கள். நீளமாகவும் நிறைவாகவும் அமைந்தது ஒன்றுதான். இங்க்ஸ்கேப்பில் அடித்து, அளவை மில்லிமீட்டரில் வைத்து, ஷீட்கேமில் திறந்தேன். சோதனைப் பதிப்பின் வரிக்குள் அடங்கியது. ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் டார்ச் ஒரு முறை கூடத் தடுமாறாமல் ஓடியது.

"ஒரு பொட்டுகூட விழலை மாமா!" என்று மைத்துனர் தகட்டைத் தூக்கிக் காட்டினார். தகட்டில் 'யாரடா' என்று இருந்தது.

"சம்பந்தி வீட்டுக்காரங்க வர்ற வாசல்ல இதை மாட்டுவீங்களா?" என்றாள் மனைவி. மாட்டவில்லை. கொல்லைப்புறக் கேட்டில்தான் மாட்டியிருக்கிறேன். அந்த வழியாக வருகிறவர் கேஸ் சிலிண்டர் போடுபவர் ஒருவர்தான். "நான்தான் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.