இலண்டன் வளவுக்காரர்

இலண்டனின் ஹரோ, வெம்பிளி, டூட்டிங், ஈஸ்ட்ஹாம் பகுதிகளில் வாழும் ஈழத்தமிழரிடையே வளவுக்காரர் எனத் தனியே வகைப்படுத்தத்தக்க ஒருவர் உண்டு. வளவு என்பது வீடும் கிணறும் மரங்களும் வேலியும் அடங்கிய காணி; வளவுக்காரர் என்பவர், அந்தக் காணியை விட்டுப் புறப்பட்டு முப்பது நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும், அங்கே விழும் ஒவ்வொரு தேங்காய்க்கும் கணக்குக் கேட்கும் உரிமையைக் கைவிடாதவர். ஹரோவில் தாம் குடியிருக்கும் வீட்டின் பின்புறத்தில் புல் முழங்காலளவு வளர்ந்திருப்பது அவர் கண்ணில் படுவதில்லை. நெடுந்தீவில் பெரியம்மா ஒருவர் பார்த்துவரும் தகப்பனார் வீட்டு முற்றம் இன்று கூட்டப்பட்டதா என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இவ்வகையினரின் வாழ்வில் 2025 ஜூலை 2 ஒரு பொன்னாள். ஸ்டார்லிங்க் என்னும் செய்மதி இணையச் சேவை இலங்கையில் தொடங்கியதாக அன்றுதான் அறிவிப்பு வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் வழியே புங்குடுதீவைக் கடந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் ஆடிக்கொண்டு போய்ச் சேர வேண்டிய நெடுந்தீவுக்கு வானத்திலிருந்து நேரே இணையம் இறங்கும் என்ற செய்தி, ஹைகேற் முருகன் கோயில் வாசலிலும் திருமண மண்டபங்களின் சாப்பாட்டு வரிசையிலும் வளவுக்காரர் வாயால் பரவியது. அவர் தமக்குத் துணையாக அழைக்கும் சான்று ஆர்தர் சி. கிளார்க். புவியைச் சுற்றும் செய்மதிகள் வழியே உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் கட்டுரை எழுதிய அந்த ஆங்கிலேயர், 1956இல் இலங்கைக்கே குடிபெயர்ந்து, 2008இல் கொழும்பில் காலமானார். இங்கிலாந்தில் பிறந்தவர் தீவுக்குப் போய்ச் சேர்ந்ததையும், தீவில் பிறந்த தாம் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்ததையும் வளவுக்காரர் ஒரு கைமாற்று ஒப்பந்தம் போலவே விளக்குவார். கிளார்க் சொன்ன செய்மதி 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஓரிடத்தில் நிற்பதுபோல் தோன்றுவது என்பதும், ஸ்டார்லிங்கின் செய்மதிகள் சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் ஆயிரக்கணக்கில் ஓடித் திரிபவை என்பதும் அவ்விளக்கத்தில் இடம்பெறுவதில்லை.

அவருடைய கணக்கு முறை தனி ஆய்வுக்குரியது. 2025இல் ஒரு பவுண் ஏறத்தாழ நானூறு இலங்கை ரூபாய். மாதக் கட்டணம் பதினையாயிரம் ரூபாய் அளவில் என்று கேட்டதும் அதை உடனே பவுணாக்கி, நாற்பதுகூட இல்லையே என்று மகிழ்கிறார். அதே வாரத்தில், கிணறு இறைத்து முற்றம் கூட்டும் பெண்ணுக்கு மாதம் பத்துப் பவுண் கூட்டிக் கொடுக்கலாமா என்று பெரியம்மா கேட்டால், அதை ரூபாயாக்கி, நாலாயிரமா என்று திடுக்கிடுகிறார். பணம் எந்தத் திசையில் மாறினால் சிறுக்கும், எந்தத் திசையில் மாறினால் பெருக்கும் என்பதை இவ்வளவு துல்லியமாக அறிந்தவர் வங்கிகளிலும் அரிது.

பொருத்தும் வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பொடியன் படகில் அனுப்பப்படுகிறான். மேற்பார்வை ஹரோவிலிருந்து வட்ஸ்அப் வழியே நடக்கிறது. இணையம் பொருத்துவதை மேற்பார்வையிட இணையம் வேண்டியிருப்பதால் படம் நிமிடத்துக்கு ஒருமுறை உறைந்துபோகிறது. உறையும் ஒவ்வொரு தடவையும், பார்த்தீர்களா, இதற்காகத்தான் சொன்னேன் என்று மனைவியிடம் நிறுவ அவருக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. செய்மதியோடு தொடர்புகொள்ளும் தட்டு வானத்தின் பெரும்பகுதியைத் தடையின்றிப் பார்க்க வேண்டும். ஏனெனில் ஒரு செய்மதி சில நிமிடங்களில் தலைக்கு மேல் கடந்துவிட, தட்டு அடுத்ததைப் பிடித்தாக வேண்டும். இடையில் ஓர் ஓலை அசைந்தாலும் தொடர்பு சில நொடி அறுந்துவிடும். பொடியன் கைப்பேசிக் கமெராவை வானத்தை நோக்கிச் சுழற்ற, தடை உள்ள இடமெல்லாம் திரையில் சிவக்கிறது. அவர் பிறந்த ஆண்டில் நட்ட தென்னை தெற்கிலும், தறிக்க அரச அனுமதி வேண்டிய பனைகள் மேற்கிலும் நிற்கின்றன. பனையைப் பற்றிக் கவலைப்பட அரசு இருக்கிறது. தென்னைக்காக அவரே வாதாடுகிறார்.

“தம்பி, தென்னையில கை வைக்காதை. தட்டை வேணுமெண்டால் உயத்திக் கட்டு.”

“அண்ணை, தென்னையை விட உயத்த வேணுமெண்டால் தென்னையிலதான் கட்டோணும்.”

இறுதியில் தண்ணீர்த் தொட்டிக் கட்டின் மேல் இரும்புக் குழாய் நிறுத்தப்பட்டு இணையம் வந்துவிடுகிறது. ஆயினும் அவருக்கு ஒரு குறை. ஸ்டார்லிங்க் செய்மதிகளில் பெரும்பாலானவை நிலநடுக்கோட்டுக்கு 53 பாகை அளவு சாய்ந்த பாதைகளில் சுற்றுவதால், அந்த அகலாங்கை ஒட்டிய வானத்தில் நெருங்கியும் நிலநடுக்கோட்டுப் பக்கம் ஐதாகவும் காணப்படும். ஆகவே 51.5 பாகையிலுள்ள இலண்டனுக்கு மேலே செய்மதிகள் முண்டியடிக்க, ஒன்பதரைப் பாகையிலுள்ள நெடுந்தீவுக்குக் குறைவாகவே வாய்க்கின்றன. இதை இயற்பியல் என்று அவர் ஏற்பதில்லை. வானத்திலும் எங்கட ஆக்களுக்கு ஓரவஞ்சனைதான் என்று முடிவு கட்டுகிறார்.

இணையம் வந்த மறுவாரம் கமெராக்கள் வந்துவிடுகின்றன. முழு முயற்சியின் நோக்கமும் அப்போதுதான் வெளிப்படுகிறது. படலை, கிணற்றடி, விறாந்தை, மாமரம் ஆகியவை ஹரோவின் படுக்கையறையில் நான்கு கட்டங்களாக ஒளிர்கின்றன. கோடையில் நெடுந்தீவில் காலை ஆறு என்றால் இலண்டனில் நள்ளிரவு கடந்து ஒன்றரை. அந்நேரத்தில் அவர் எழுந்திருந்து, பவளப்பாறைக் கல் அடுக்கிய மதிலை ஓர் ஆடு தாண்டுவதைக் கண்டு, கடல் கடந்து அதை விரட்டுகிறார். சில இரவுகளில் நான்கு கட்டங்களும் ஒருசேர இருண்டுவிடும். ஏறத்தாழ நூறு வாற்று வரை மின்சாரம் உண்ணும் அந்தத் தட்டைப் பெரியம்மா படுக்கப்போகுமுன் அணைத்துவிடுவார். மழை இருட்டினால் பிளக்கையே பிடுங்கி வைப்பார். கடும் மழையில் அலைவரிசை நலிந்து எப்படியும் தொடர்பு அறும் என்பதாலும், மின்னல் உயர்ந்த இரும்புக் குழாயை விரும்பும் என்பதாலும் இவ்விவகாரத்தில் அறிவியல் முற்றாகப் பெரியம்மாவின் பக்கம் நிற்கிறது.

அவர் எதிர்பாராதது விறாந்தைக் கட்டம். பள்ளி விட்டதும் ஊர்ப் பிள்ளைகள் அங்கே கூடி, ஆளுக்கொரு கைப்பேசியுடன் சுவரோடு சாய்ந்துவிடுகிறார்கள். வளவுக்காரர் ஹரோவிலிருந்தே கடவுச்சொல்லை மாற்றி, புதியதைப் பெரியம்மாவுக்கு மட்டும், எழுத்து எழுத்தாக, இரகசியமாகச் சொல்கிறார். மறுநாள் பிள்ளைகள் அதே இடத்தில், அதே சாய்வில். கமெராவைப் பெருப்பித்துப் பார்த்தபோது, விறாந்தைச் சுவரில் புதிய கடவுச்சொல் கரித்துண்டால் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. உடனே அழிக்கச் சொல்லித் தொலைபேசியில் கத்தினார்.

“அழிச்சா, நான் மறந்துபோனால் ஆரிட்டைக் கேக்கிறது?” என்றார் பெரியம்மா. “பிள்ளையளுக்கும் இன்னும் பாடமாகேல்லை.”