நல்ல துணியைக் கந்தையாக்கும் கலை

"வீட்டிலை பழந்துணி இல்லையெண்டே புதுத்துணியை வெட்டிக் கந்தையாக்கிறாய்?"

அம்மா இதைக் கேட்டபோது சாப்பாட்டு மேசையில் ஐந்து மீற்றர் புதுப் பருத்தித் துணி துண்டு துண்டாகக் கிடந்தது. சிவப்பு, பச்சை, பனி வெள்ளை. மீற்றர் 22 டொலர். அரை விலைக்கு வந்ததென்று ஒரு பொய் சொன்னேன். அம்மா அந்த அரை விலையையும் ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

எல்லாம் வாயால் வந்த வினை. அலுவலகத்தில் நத்தார் விருந்துக்கு ஆளுக்கொரு பொறுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வழமைபோல ரோல்ஸ் சிற்றுண்டி என்று எழுதப் போனார்கள். பதினொரு வருடமாக நான் அங்கே ரோல்ஸ்தான். அன்றைக்கு என்ன பிடித்ததோ, "இந்த முறை மேசைக்கு நடுவிலே விரிக்க ஒரு டேபிள் டொப்பர் தைத்துக்கொண்டு வருகிறேன், குவில்ட் வேலையில்" என்று அறிவித்துவிட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். ரோல்ஸுக்கு ஒருநாளும் கைதட்டியதில்லை.

குவில்ட் என்பது தெரியாதவர்களுக்கு: மேலே ஒட்டுப்போட்ட துணி, நடுவில் பஞ்சுப் படை, அடியில் இன்னொரு துணி, மூன்றும் விலகாமல் குறுக்கும் நெடுக்குமாகத் தையல். பெரிதாகத் தைத்தால் போர்வை, சிறிதாகத் தைத்தால் மேசை விரிப்பு. குளிர்நாட்டு ஏழைகள் கிழிந்ததை எல்லாம் சேர்த்துத் தைத்து உயிர் பிழைத்த சாமான்தான். இப்போது அதற்கென்று தனிக் கடை, தனிக் கத்தி, தனி அடிமட்டம், தனி மெசின்.

ரொறொன்ரோ ஸ்காபுறோவில் வீட்டுக்குப் பக்கத்துச் சமூக நிலையத்தில் ஆறு சனிக்கிழமை வகுப்பு. ஆசிரியை எழுபதைத் தாண்டிய கனேடிய அம்மா. முதல்நாள் சாமான் பட்டியலைத் தந்தார். ரோட்டரி கட்டர் என்றொன்று. பீட்சா வெட்டும் சில்லின் உடன்பிறப்பு, கூர் மட்டும் சவர அலகு. அதை வாங்கிக் கொண்டுவந்த இரவே என் கணவர் அதைக்கொண்டே பீட்சா வெட்டினார். பீட்சாவோடு தட்டும் வெட்டுப்பட்டது. "நல்ல சாமான், வைச்சிரும்" என்றார்.

அடுத்தது ஃபாட் குவாட்டர். ஒரு யார் துணியை நேராக நாலாகக் கிழித்தால் 9 அங்குல நாடாதான் கிடைக்கும்; நீளத்தில் ஒரு வெட்டு, அகலத்தில் ஒரு வெட்டு என்று நாலாக்கினால் 18க்கு 22 அங்குலத்தில் கொழுத்த துண்டு வரும். தமிழில் சொன்னால் கொழுத்த கால். பிழை என்னவென்றால், அம்மா அப்போது பிள்ளையார் பெருங்கதை விரதத்தில் இருந்தார். இடக் கையில் 21 இழைக் காப்பு, 21 நாளும் மரக்கறி. நான் போனில் சிநேகிதியிடம் "ஏழு கொழுத்த கால் வாங்கினனான்" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, குளிர்சாதனப் பெட்டியை இரண்டு தரம் திறந்து பார்த்தார்.

நான் எடுத்துக்கொண்ட கோலம் 'மரக்குடிசை'. நடுவில் ஒரு சிவப்புச் சதுரம், அது குடிசையின் அடுப்பாம். அதைச் சுற்றிச் சுற்றி மரக்கட்டை அடுக்குவதுபோலத் துணிப்பட்டிகள். ஒரு பாதி வெள்ளை, மறு பாதி பச்சை. 12 அங்குலக் கட்டம் ஒன்பது. பார்க்கச் சின்னப்பிள்ளை வேலை. ஆனால் இந்தச் சாத்திரத்தின் மூலமந்திரம் ஒன்று உண்டு: தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நான் ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு மாகாணி கூட விட்டேன். மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு தையலுக்கு இரண்டு ஓரம், ஆகவே அரைக்கால் போச்சு. ஒரு கட்டத்தில் குறுக்கே எட்டுத் தையல். எட்டு அரைக்கால் ஒரு அங்குலம். 12 அங்குலக் குடிசை 11 அங்குலமாக வந்தது. அடுத்தது பதினொன்றரை. மூன்றாவது குடிசை ஒரு பக்கம் சாய்ந்து, புயலில் அகப்பட்டதுபோல நின்றது.

பிறகு நான் அதிகம் பாவித்தது தையல் பிரிக்கும் கொக்கியைத்தான். ஒரு பின்னேரம் முழுக்கத் தைத்ததை இரவிரவாகப் பிரித்தேன்.

அம்மா எதிர்க் கதிரையில் இருந்து பார்த்தபடி ஒரு சொல் பேசவில்லை. அம்மா பேசாமல் இருப்பது விமர்சனத்தின் உச்சம்.

அவர் தையற்காரி. சிங்கர் கம்பெனி இலங்கைக்கு வந்தது 1877இல் என்கிறார்கள். எங்கள் வீட்டு மெசின் அந்தக் கப்பலிலேயே வந்திருக்கும்போல. அம்மம்மாவின் சீதனம் அது. ஊரில் பாதிப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை அதில்தான் தைத்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்து வலிகாமமே போரில் இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அம்மா மெசினின் தலையைக் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினார். பெற்ற பிள்ளை நடந்தாள். மெசின் சைக்கிளில் போனது. சாவகச்சேரியில் அதை ஒரு மீன்பெட்டிப் பலகையில் பூட்டி, காலால் மிதிக்க வழியில்லாமல் கையால் சில்லைச் சுற்றிச் சுற்றித் தைத்தார். அப்பாவின் வேட்டி எனக்குப் பாவாடையானது, பாவாடை தம்பிக்குக் காற்சட்டையானது, காற்சட்டை கடைசியில் அடுப்படியில் சட்டி பிடிக்கும் துணியானது. அப்படி ஒரு வேட்டியை நாலு பிறவி எடுக்கவைத்த மனுசிக்கு முன்னால்தான் நான் புதுத்துணியை வெட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்குத் தையல் அம்மம்மா சொல்லிக் கொடுத்தது. அம்மம்மா படித்தது உடுவில் மகளிர் கல்லூரியில். அந்தப் பள்ளிக்கூடம் 1824இல் தொடங்கியது. தொடக்கிய ஹரியற் வின்ஸ்லோ அமெரிக்காவின் கனெற்றிக்கட்டுக்காரி, அதாவது குவில்ட் விளைகிற பூமியிலிருந்து வந்தவர். வேதாகமத்தோடு ஊசியும் நூலும் வந்தன. இதை வகுப்பில் சொல்லிக் கொஞ்சம் பெருமை அடிக்கலாம் என்று வாசித்துக்கொண்டு போனேன். வாசித்ததில் ஒரு வில்லங்கம் கண்டேன். அந்தப் பக்கத்துப் பழைய பியூரிட்டன் கிறிஸ்தவர்களுக்கு நத்தாரே ஆகாது. மாசச்சூசெற்ஸில் 1659இல் சட்டம் போட்டு, நத்தார் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் குற்றம் என்று வைத்திருந்தார்கள். 1681 வரை அந்தச் சட்டம் இருந்தது. ஆக, என் நத்தார் குவில்ட்டை அம்மாவும் ஏற்கவில்லை, அம்மம்மாவுக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர்களின் முன்னோரும் ஏற்கமாட்டார்கள்.

அளவு பிழைத்ததால் துணி போதாமல் போனது. குயின் வீதியும் ஸ்பாடைனாவும் சந்திக்கும் பக்கம் துணிக்கடைகள் உண்டு. அங்கே போக அம்மாவையும் கூட்டிக்கொண்டேன். 2023 ஜூலையில் தடம் புரண்ட ஸ்காபுறோ ஆர்.டி. ரயில் பிறகு ஓடவே இல்லை. ஆகவே பஸ், சுரங்க ரயில், ஸ்ட்ரீட்கார் என்று மூன்று வாகனம். வழி முழுக்க அம்மா "ஒரு முழத் துணிக்கு" என்று ஒரு தரமும், "ஒரு முழத் துணிக்கு!" என்று இன்னொரு தரமும் சொன்னார்.

கடைக்குள் போனதும் ஆள் மாறிவிட்டார். விரலிடுக்கில் துணியைத் தேய்த்தார். வெளிச்சத்துக்குப் பிடித்தார். முழுப் பருத்தி என்று எழுதியிருந்த ஒன்றின் ஓரத்தில் ஒரு நூலை உருவி, கடைக்காரப் பையனைக் காட்டி என்னிடம் "பிள்ளை, நெருப்புப்பெட்டி இருக்கோ எண்டு கேள்" என்றார். பருத்தி நூல் கடதாசிபோல எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும். அம்மாவுக்கு இது தெரியும். கடைக்காரப் பையனுக்குத் தெரிந்தது, இரண்டு தமிழ்ப் பெண்கள் கடைக்கு நெருப்பு வைக்க வந்திருக்கிறார்கள் என்பது மட்டும். நான் துணியை எரிக்காமலே வாங்கினேன்.

கடைசி வகுப்புக்கு அம்மாவும் வந்தார், குளிருக்கு ஒதுங்குவதுபோல. ஆசிரியை ஒரு கதை சொன்னார்: இரண்டாம் உலகப் போரில் கனேடியப் பெண்கள் செஞ்சிலுவைச் சங்கத்துக்காகக் குவில்ட்டுகள் தைத்து, குண்டுவீச்சில் வீடிழந்த பிரித்தானிய மக்களுக்குக் கப்பலில் அனுப்பினார்களாம். அவருடைய தாயாரும் தைத்தாராம். நான் மொழிபெயர்த்தேன். அம்மா நிமிர்ந்து இருந்தார். "அது தையல்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அவையும் மீற்றர் 22 டொலருக்கு வாங்கியே வெட்டினவை எண்டு கேள்" என்றார். கேட்கவில்லை.

ஒருவழியாக ஒன்பது குடிசையும் சேர்ந்தன. 36 அங்குலச் சதுரம் என்று தொடங்கியது, ஒரு பக்கம் 33ம் மறுபக்கம் 34ம் ஆக முடிந்தது. பஞ்சு வைத்து, அடித்துணி வைத்து, ஓரப்பட்டி கட்டி, விருந்துக்கு இரண்டு நாள் இருக்கையில் மடிப்புக் குலைய ஒருக்கால் கழுவுவோம் என்று மெசினில் போட்டேன்.

சிவப்பு கரைந்தது. அடுப்பிலிருந்து புறப்பட்ட சாயம் பனி முழுக்கப் பரவியது. நத்தாருக்கு ரோஸ் நிறப் பனி பெய்தது ரொறொன்ரோவிலேயே எங்கள் வீட்டில் மட்டுமாகத்தான் இருக்கும்.

"சிவப்பைத் தனியத் தண்ணியிலை ஊறப்போட்டு, சாயம் போனாப்பிறகெல்லோ வெட்டவேணும்" என்றார் அம்மா.

"அதை முதலே சொல்லியிருக்கலாமே அம்மா?"

"நீ காசு கட்டியெல்லோ படிச்சனி. நான் குறுக்கை கதைப்பனே?"

சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய் ஒரு பொதியைக் கொண்டுவந்தார். இதற்குள் ஒரு இரகசியம் நடந்திருக்கிறது. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் சித்தி மக்கள் என்று ஆபிரிக்க வழிவந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் பெண்கள் பழஞ்சீலைகளில் கவந்தி என்றொரு போர்வை தைப்பார்கள். அடிமட்டமில்லை, மெசினில்லை. ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றிக் கையால் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருவார்கள். நாலு மூலையிலும் 'பூ' என்று மடித்த துணிச் சதுரம் வைக்கவேண்டும். பூ இல்லாத கவந்தி அம்மணம் என்பது அவர்கள் கொள்கை. கத்தோலிக்கச் சித்திகள் சிலர் நடுவில் சிலுவையும் வைப்பார்கள். என் மகள் இதை யூடியூப்பில் தன் அம்மம்மாவுக்குக் காட்டியிருக்கிறாள். விரதகாலத்துப் பின்னேரங்களில், கதை கேட்டு முடிந்தபிறகு, அம்மா பழைய பருத்திச் சீலைகளை எடுத்துக் கூட்டியிருக்கிறார். என்னுடைய ரோஸாகாத மிச்சப் பச்சையும் அதில் இருந்தது. அதைத் திருட்டு என்று நான் சொன்னேன், சேமிப்பு என்று அவர் சொன்னார்.

அதைத்தான் விருந்துக்குக் கொண்டுபோனேன். என் மேலாளர் வளைத்து வளைத்துப் பார்த்தார். ஒரு கோடும் நேராக இல்லாததை, இப்படி அளக்காமல் மனம்போன போக்கில் தைப்பது இப்போதைய புது நாகரிகம் என்றார் இன்னொருத்தி. விலைக்குத் தருவீர்களா என்று மூன்று பேர் கேட்டார்கள். தைத்தது நானில்லை என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஒன்றே கால் மணித்தியாலம் எடுத்தது. அடுத்த வருடப் பட்டியலில் என் பெயருக்கு நேரே ரோல்ஸ் என்றும், அதற்குக் கீழே அம்மாவின் பெயரும் எழுதிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து விலை கேட்டதைச் சொன்னேன். அம்மா கொஞ்சம் யோசித்தார். "மீற்றர் 22 டொலர் எண்டு சொல்லு" என்றார்.

இப்போது எட்டு விரிப்புக்கு ஓடர் இருக்கிறது, வீட்டில் சீலை தீர்ந்துவிட்டது. என்னுடைய கலியாணச் சீலையை அம்மா ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். ஆகவே ஸ்காபுறோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கத்து வாசகர்களே, உங்கள் அலுமாரியில் உடுக்காத பழைய பருத்திச் சீலை கிடந்தால் தயவுசெய்து கொண்டுவந்து தாருங்கள். நைலெக்ஸ் வேண்டாம், அம்மா நெருப்புப்பெட்டியோடுதான் வாசலில் நிற்பார். சிவப்பென்றால், கொண்டுவர முதல் தண்ணீரில் ஒரு இரவு ஊறப்போடுங்கள்.