குளிசையும் இலவசம், கைவிலங்கும் இலவசம்

ஒரு குளிசை இருக்கிறது. பெயர் பிரெப். எச்.ஐ.வி. தொற்றுவதற்கு முன் எடுக்க வேண்டும். ஒழுங்காக எடுத்தால் உடலுறவு வழியாகத் தொற்றும் ஆபத்தை ஏறத்தாழ 99 சதவீதம் குறைக்கும். அமெரிக்கா 2012இல் அனுமதித்தது. கணிசமான ஆபத்தில் இருக்கும் எவருக்கும் கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. இலங்கையின் அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் காசில்லாமல் தருகிறார்கள்.

மட்டக்களப்பு வாவியின் வலையிறவுப் பாலத்தில் நின்று, படுவான்கரை என்ற மேற்குக் கரையில் உள்ள வவுணதீவுக்குப் போகிறவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். முழிப்பார்கள். லொத்தர் சீட்டுக்கு ஒலிபெருக்கி வருகிறது. தேர்தலுக்கு வீடு வீடாக ஆள் வருகிறது. இந்தக் குளிசைக்கு மட்டும் அரசுக்குத் தொண்டை கட்டிவிடும்.

சரி, ஒருவர் எப்படியோ அறிந்துகொண்டார். பாலம் கடந்து மட்டக்களப்பில் உள்ள சிகிச்சை நிலையத்துக்குப் போகிறார். ஏன் தேவை என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் குளிசை கிடைக்கும். அதே உண்மை பொலிஸின் காதுக்குப் போனால் தன்பாலினர் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு கிடைக்கும். பத்து வருடம்வரை சிறை. பாலியல் தொழிலாளி என்றால் அவருக்கு 1841ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாகக் காத்திருக்கிறது. சுகாதார அமைச்சு வாவென்று அழைக்கும் ஆளைத்தான் பொலிஸும் தேடுகிறது.

இந்த 365, வெள்ளைக்காரன் 1883இல் எழுதியது. அவனுடைய நாடே 1967இல் இதைக் கைகழுவத் தொடங்கிவிட்டது. நாங்கள் 1995இல் திருத்தினோம். எப்படி? 365அ பிரிவில் ஆண்களோடு பெண்களையும் சேர்த்து! இந்த நாட்டில் ஆண் பெண் சமத்துவம் தாமதமின்றி வந்த இடம் அது ஒன்றுதான். தன்பாலினர் உறவைக் குற்றமற்றதாக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது. அந்தச் சட்டமூலத்தை நிறைவேற்றாமலே பாராளுமன்றம் 2024இல் கலைந்தது.

கேட்டால் கலாசாரம் என்பார்கள். அந்தக் கலாசாரத்தின் கணக்கைப் பாருங்கள். படுவான்கரைப் பெண் வீட்டுவேலைக்கு வளைகுடா போகுமுன் எச்.ஐ.வி. உண்டா என்று இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். எசமானின் வீட்டுக்கு நோய் போய்விடக் கூடாதாம். அந்த வீட்டில் அவளுக்கு என்ன நேரும் என்று கேட்க ஆளில்லை. அவள் அனுப்பும் பணத்தைக் கலாசாரம் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை.

2016இல் குளியாப்பிட்டியில் ஆறு வயதுப் பையன் ஒருவனுக்கு எச்.ஐ.வி. என்று வதந்தி. பரிசோதித்தார்கள். தொற்று இல்லை. ஆனாலும் மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் மறித்தார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போனது. நோயில்லாத குழந்தைக்கே இந்தக் கதி. குளிசை வாங்க எவன் பட்டப்பகலில் வருவான்?

உலக எயிட்ஸ் தினமான டிசம்பர் 1 வந்தால் மட்டும் ஊர் விழித்துக்கொள்ளும். சிவப்பு நாடா, பதாகை, ஊர்வலம், பிரதம அதிதி, மாலை, ரோல்ஸ், பிளேன்டீ. பேச்சில் 'ஒழுக்கம்' பத்துத் தரம் வரும். பிரெப் ஒரு தரமும் வராது. எயிட்ஸை 2025இல் முடிப்போம் என்று முழங்கினார்கள். நாட்டில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 2022இல் 607 பேர். 2023இல் ஏறத்தாழ 700. 2024இல் 800க்கு மேல். முடிக்கும் இலட்சணம் இது!

இயலாத அரசா என்றால், அதுவும் இல்லை. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்ததற்கு 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் வாங்கிய நாடு இது. அங்கே கர்ப்பிணிகளைச் சோதித்தார்கள், மருந்து கொடுத்தார்கள். எவரிடமும் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கவில்லை. வளர்ந்தவன் வந்து நின்றால்தான் ஒழுக்கக் கணக்குப் பார்க்கிறார்கள்.

இதற்குள் குளிசைக்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி வந்துவிட்டது. லெனகாபவிர். அமெரிக்கா 2025இல் அனுமதித்தது. ஆண்டுக்கு 40 டொலருக்கு 2027 முதல் தருவோம் என்கின்றன ஹைதராபாத் கம்பனிகள். அதையும் ஒளித்து வைத்துத்தான் போடப் போகிறீர்களா?

365ஆம், 365அ பிரிவுகளைத் தூக்கி எறியுங்கள். குளிசையைப் பாலத்தின் வவுணதீவுப் பக்கமும் கொண்டுவாருங்கள். அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒழுக்கப் பிரசங்கத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கேட்பதற்கு முதலில் ஆட்கள் உயிரோடு இருக்கட்டும்.