தவளை அப்பா

சனிக்கிழமை சாயங்காலம் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் பக்கம் எந்தத் திடலுக்குப் போனாலும் இவர் இருப்பார். கோட்டுக்கு வெளியேதான் நிற்பார். மகனைவிட அதிகம் வியர்த்திருப்பார். "பாஸ் குடுக்காதடா, நீயே அடி!" என்று கத்துவது இவர்தான். ஆட்டம் தோற்றபின், "டீம் ஒர்க்கே இல்லலா" என்று குறைப்படுவதும் இவர்தான். மகனுக்கு 11 வயது. அதற்குள் மூன்று ஜெர்சி மாற்றிவிட்டான்.

அந்தக் காலத்தில் இப்படி டீம் தாவும் வில்லங்கம் கிடையாது. 1917இல் ஃபோகோனியே துரை செம்பனை நட்ட தென்னமரம் தோட்டமானாலும் சரி, வேறு எந்தத் தோட்டமானாலும் சரி, லயத்து வீடு எங்கேயோ அங்கேதான் பந்து. அப்பாவுக்கு வேலை மாறினால்தான் பையனுக்கு டீம் மாறும். தோட்டங்கள் கைமாறி, ஜனங்கள் தாமான்களுக்குக் குடிபோனதும், ஒரே வரிசை வீட்டில் நாலு டீம் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். தவளை அப்பா பிறந்தது அப்போதுதான்.

தாவப் போகிறார் என்பது மாமாக் கடையிலேயே தெரிந்துவிடும். "அங்க கோன் எல்லாம் வெச்சு பயிற்சி குடுக்கிறாங்களாம்" என்பார். அடுத்த வாரம் பாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போகும். அதற்கடுத்த வாரம் கோச் போன் போடுவார்.

"என்னண்ணே, பையனக் காணோம்?"

"பரீட்சை வருது தம்பி. யூபிஎஸ்ஆர்."

யூபிஎஸ்ஆரை 2021இலேயே ரத்து செய்துவிட்டார்கள். கோச் பகலெல்லாம் லோரி ஓட்டுகிறவர், பந்துகூடச் சொந்தக் காசில் வாங்குகிறவர். பாவம், அவரும் "நல்லாப் படிக்கச் சொல்லுங்கண்ணே" என்று வைத்துவிடுவார். அன்றிரவே வாட்ஸ்அப் குழுவிலிருந்து அப்பா நைசாக நழுவியிருப்பார். மறு மாதம் ஏழு பேர் ஆட்டத்தில், எதிரணிக் கோலுக்கு முன்னால் நிற்பான் அந்தப் பையன். கோச்சைப் பார்த்ததும் சிரிப்பதா, குனிந்து பூட்ஸ் கயிறு கட்டுவதா என்று தெரியாமல் முழிப்பான். அப்பாவோ கூடாரத்துக்குப் பின்னால் பானம் வாங்கப் போயிருப்பார். ஆட்டம் முடியும்வரை வாங்கிக்கொண்டே இருப்பார்.

சட்டமெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரரை இன்னொரு கிளப் காசு கொடுத்து வாங்கினால், அதில் 5 விழுக்காடு, 12 வயதிலிருந்து 23 வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்கிறது ஃபீஃபா. "நம்ம பையனுக்கு இன்னும் பன்னெண்டு ஆகல. பழைய கோச்சுக்குச் சல்லிக்காசு தர வேண்டியதில்ல" என்று இப்போதே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். கட்சி தாவும் எம்.பி.க்குப் பதவி போகும் என்று 2022 அக்டோபரில் இங்கே சட்டம் வந்ததே, அதில் திடலோர அப்பாக்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தத் தைரியம்தான்.

டீம் மாறுவது குற்றமே இல்லை. வருஷம் பூரா பெஞ்சில் உட்காரும் பையனுக்கு வேறு இடத்தில் ஆட வாய்ப்புக் கிடைத்தால் போகத்தான் வேண்டும். ஜெராம் பக்கத்து அம்மா ஒருவர் போட்டியெல்லாம் முடியட்டும் என்று காத்திருந்து, மகனையும் கூட்டிக்கொண்டு கோச் வீட்டுக்கே வந்தார். பாக்கிச் சந்தா, துவைத்து மடித்த ஜெர்சி, ஒரு பை வாழைப்பழம்.

"தம்பி, அந்த டீம்ல இவனுக்கு மிட்ஃபீல்டுல எடம் இருக்காம். ஒங்ககிட்ட சொல்லாமப் போகக் கூடாதுன்னு வந்தோம்."

"தாராளமாப் போகட்டும்கா. எங்களோட ஆடுறப்ப மட்டும் கோல் போடச் சொல்லிராதீங்க."

ஐந்து நிமிஷத்தில் விஷயம் முடிந்தது. தவளை அப்பா அதே காரியத்துக்கு இரண்டு மாதமும் ஒரு பாட்டியும் செலவழிக்கிறார்.

அப்பாக்களே, தாவினதெல்லாம் போகட்டும். வீட்டு அலமாரியில் 7ஆம் எண், 10ஆம் எண் பழைய ஜெர்சி கிடந்தால் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள். அதைப் போட அடுத்த பையன் வந்து நிற்கிறான். கோச்சிடம் இருப்பதோ மூன்று கோல்கீப்பர் சட்டைதான்.