பக்கத்து பெஞ்சுக்கு ஒரு கணக்கு

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, இந்தியாவில் சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பது என்று தீர்மானம் போட்டது. அதன்பிறகு ஆவடிக்கு டாங்கித் தொழிற்சாலை வந்தது, மாநகராட்சி அந்தஸ்துகூட வந்துவிட்டது. அந்தத் தீர்மானம் மட்டும் ஆவடியின் ப்ளஸ் டூ வகுப்புகளுக்குள் இன்னும் வந்துசேரவில்லை. அங்கே ரஃப் நோட்டு தனியுடைமை. அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் இதே கதைதான். ஐந்து மதிப்பெண் கணக்கைப் போட்டு முடித்தவர் முழங்கையால் நோட்டை மறைத்துக்கொண்டு, "எனக்கே வரல மச்சி" என்பார். தேர்வு நாள் காலையில் "ஒண்ணுமே படிக்கலடா" என்று தலையிலடித்துச் சத்தியம் செய்பவர்தான் சென்டம் வாங்குவார் என்பது, நியூட்டனின் விதிகளைவிட அதிக முறை சரிபார்க்கப்பட்ட விதி. இப்படி மறைப்பது கெட்ட குணம் என்று சொல்ல நான் வரவில்லை. அதைச் சொல்ல வீட்டுக்கு வீடு தாத்தாக்கள் இருக்கிறார்கள். மறைப்பது நஷ்டம் என்பதுதான் என் வாதம். கணக்குச் சொல்லிக்கொடுப்பதில் முதல் லாபம் சொல்லிக்கொடுப்பவருக்கே போகிறது. சுயநலத்தை ஒழுங்காகப் பயின்ற மாணவர், ஆளைத் தேடிப்பிடித்தாவது சொல்லிக்கொடுப்பார்.

வினாத்தாளிலிருந்தே தொடங்கலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் இயற்பியல் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண். இரண்டு மதிப்பெண் பகுதியிலும் மூன்று மதிப்பெண் பகுதியிலும் ஒன்பது கேள்வி கொடுத்து ஆறு எழுதச் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கேள்வி கட்டாயம். அந்தக் கட்டாயக் கேள்வி பெரும்பாலும் கணக்காகவே வந்து நிற்கும். டெரிவேஷனை உருப்போடலாம், காஸ் விதியைக் கந்த சஷ்டி கவசம்போல ஒப்பிக்கிறவர்கள் உண்டு. கணக்கில் எண்ணை மாற்றிவிட்டால் கவசம் காக்காது. கிர்க்காஃப் விதிக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் நாமே ஊகித்து அம்புக்குறி போட வேண்டும். ஒருவர் வலப்பக்கம் அம்பு போட்டு 2 ஆம்பியர் என்கிறார். பக்கத்தில் இருப்பவர் இடப்பக்கம் போட்டு மைனஸ் 2 என்கிறார். இருவரும் சட்டையைப் பிடிக்காத குறை. உண்மையில் இருவர் விடையும் சரி. மைனஸ் வந்தால், நீ போட்ட அம்பு தலைகீழ் என்று கணக்கே சொல்லிவிடுகிறது. தனியாக உட்கார்ந்து போடுகிறவருக்கு கைடில் உள்ள விடை வந்ததும் வேலை முடிந்தது. "ஏன்டா எனக்கு மட்டும் மைனஸ்?" என்று ஒருவர் குறுக்கே வந்தால்தான் அந்த அம்புக்கு அர்த்தம் பிறக்கிறது. இன்னும் கீழே போனால், "அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆயிடும்டா" என்பதை நடுநிலைப் பள்ளியிலிருந்தே மந்திரமாகச் சொல்லிவருகிறோம். ஏன் ஆகிறது? சமக்குறிக்கு நடுவே செக்போஸ்ட்டா வைத்திருக்கிறார்கள்? இரண்டு பக்கமும் அதே எண்ணைக் கழிக்கிறோம், அவ்வளவுதான். யாராவது வாய்விட்டுக் கேட்கும்வரை அது ஞாபகத்துக்கு வருவதில்லை. நூற்றுக்கு நூறு வாங்கியவரிடமும் இந்த ஓட்டை இருக்கலாம். விடைத்தாள் திருத்துகிறவர் எழுதியதைத்தான் பார்ப்பார். எழுதாததைக் கேட்கப் பக்கத்து பெஞ்சை விட்டால் ஆளில்லை. அதுவும் வெட்கமே இல்லாமல் மூன்று முறை கேட்கும்.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூருக்கும் மின்சுற்று பாடம் கற்றுக்கொடுத்தது. சமன்பாடு எழுதும் கிர்க்காஃப் கணக்கைக் கொடுத்தால் மாணவர்கள் கடகடவென்று போட்டார்கள். எளிய சுற்றில் மூன்று பல்பை மாட்டி, ஸ்விட்சைப் போட்டால் எதன் வெளிச்சம் மாறும் என்று கேட்டபோது விழித்தார்கள். 1991இல் அவர் வகுப்பை மாற்றினார். கேள்வியைக் கேட்டு, விடையைத் தனித்தனியாகக் குறிக்கச் சொல்லி, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொன்னார். பேராசிரியர் விளக்கி ஏறாதது சக மாணவர் விளக்கி ஏறியது. நேற்றுத் தடுக்கி விழுந்தவருக்குப் பள்ளம் எங்கே என்று தெரியும். முப்பது வருடம் முன்னால் விழுந்தவருக்கு மறந்துபோயிருக்கும்.

ஹார்வர்டு தூரம் என்பவர்கள் எழும்பூரோடு இறங்கிக்கொள்ளலாம். 1789இல் அங்கே தொடங்கிய ராணுவ ஆண் அநாதை விடுதிப் பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கவனித்தார். மெட்ராஸ் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதையே தம் பள்ளியிலும் செய்யச் சொன்னார். ஆசிரியர் முடியாது என்றார். பெல் அந்த வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் ஒப்படைத்தார், முடிந்தது. மாணவரே மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த முறையை 1797இல் லண்டனில் அறிக்கையாக வெளியிட்டார். அது 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் பிரிட்டனெங்கும் பரவியது. அவர் சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில், அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே பெயர். சம்பளம் வாங்காத ஆசிரியர் கிடைத்தார் என்பதற்காகவும் அது பரவியது என்பதை மறைப்பது நியாயமில்லை. ஆனாலும் நம் திண்ணையிலிருந்து ஏற்றுமதியான சரக்கை, நாமே முழங்கையால் மறைத்துவைத்திருப்பது வேடிக்கைதான்.

இனி எதிர்வாதம். "சொல்லிக்கொடுத்தா அவன் ரேங்க்ல முந்திடுவானே?" இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். பொறியியல் கட்-ஆஃப் மொத்தம் 200. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இயற்பியலில் ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றைத் தானம் செய்தால், நண்பரின் கட்-ஆஃப் இரண்டரை ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதனால் அவர் நம்மைத் தாண்டினால் நமக்கு இறங்குவது ஓர் இடம். தரவரிசைப் பட்டியலில் இருப்பவர்கள் லட்சத்துக்கும் மேல். நாமக்கல்லில் விடுதியில் தங்கி விடியற்காலையில் எழுந்து படிக்கிறவரை நம் முழங்கை எப்படித் தடுக்கும்? கட்-ஆஃப் சமமாகிவிட்டால் நடப்பது இன்னும் ரசமானது. கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று ஒப்பிட்டுக்கொண்டே போய், கடைசியில் பிறந்த தேதியைப் பார்க்கிறார்கள், மூத்தவருக்கு முன்னுரிமை. அதுவும் சமமென்றால் கம்ப்யூட்டர் தந்த சமவாய்ப்பு எண். பிரசவ தேதியும் குலுக்கலும் தீர்க்கக்கூடிய விஷயத்துக்கு பெஞ்சுத் தோழரைப் பகைத்துக்கொள்வதா?

"ரெண்டு பேருக்கும் தெரியாட்டி?" என்பது நியாயமான கேள்வி. கொலராடோ பல்கலைக்கழகத்தில் மரபியல் வகுப்பில் சோதித்து, 2009இல் 'சயன்ஸ்' இதழில் கட்டுரை எழுதினார்கள். பேசிக்கொண்டவர்கள், அதே கருத்தில் அமைந்த அடுத்த கேள்வியைத் தனியாகவே நன்றாகச் செய்தார்கள். தொடக்கத்தில் யாருக்கும் சரியான விடை தெரியாத குழுக்களில்கூட முன்னேற்றம் தெரிந்தது. இரண்டு தவறுகள் மோதினால் குறைந்தது ஒன்றாவது அடிபடும் போலிருக்கிறது. "ராமானுஜன் யாரிடம் டவுட் கேட்டார்?" என்பவர்களும் உண்டு. 1903 வாக்கில் அவர் கைக்கு நண்பர்கள் மூலம் வந்த, கார் என்பவரின் கணிதப் புத்தகம், கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு டியூஷன் எடுத்தவர் தொகுத்தது. நம் கைடுக்குப் பெரியப்பா முறை. அதையும் ஒருவர் கொடுத்துத்தானே ஆக வேண்டியிருந்தது?

உதவி என்ற பெயரில் நடக்கும் சில காரியங்களை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். நோட்டைத் தூக்கிப்போட்டு "பாத்து எழுதிக்கோ" என்பது ஜெராக்ஸ் கடை வேலை. "இது ரொம்ப ஈசிடா" என்று ஆரம்பிப்பது அதைவிடக் கொடுமை. ஈசியானதுகூட வரவில்லையே என்று கேட்டவர் அங்கேயே பாதி உயிரை விட்டுவிடுவார். எந்த வரியில் நின்றாய் என்று கேட்டு, அந்த வரியிலிருந்து தொடங்க வேண்டும். வீடியோவால் முடியாதது இது ஒன்றுதான். நாம் தலையாட்டாவிட்டாலும் அது அடுத்த படிக்குப் போய்விடும்.

மிச்சமிருப்பது, நேரம் எங்கே இருக்கிறது என்ற புலம்பல். சென்ட்ரல் பக்கம் டியூஷன் முடித்து ஆவடி லோக்கலில் திரும்புகிறவருக்கு அந்தக் கவலை வேண்டாம். வில்லிவாக்கத்தில் கணக்கை எடுத்தால், கொரட்டூரில் படம் வரைந்து, அம்பத்தூரில் சமன்பாடு எழுதிவிடலாம். விடை வருவதற்குள் அன்னனூர் தாண்டிவிட்டால், ஆவடிக்கு முன்னால் சிக்னலுக்காக வண்டி நிற்கும்போது யூனிட்டையும் போட்டுவிடலாம்.