மேடேறும் குப்பை

எங்கள் தோட்டத்துக்கு மேடேறி வராத சாமான் கிடையாது. மரக்கறி லொறி வரும், ஐஸ்கிரீம் மோட்டார் சைக்கிள் வரும், பொழுது சாய்ந்தால் பீத்தோவனைப் பாடவிட்டபடி பாண் ஆட்டோ வரும். மூன்றும் பொலித்தீனை லயத்து வாசலில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். இங்கிருந்து ஒழுங்காகக் கீழே இறங்குபவை கொழுந்து, ரப்பர் பால், வாக்குப் பெட்டி. குப்பைக்கு மட்டும் வண்டி இல்லை.

தாய்வானில் இதே ‘ஃபூர் எலிஸ்’ இசையோடு வருவது குப்பை லொறி. சத்தம் கேட்டதும் சனங்கள் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நாங்களும்தான் ஓடுகிறோம், என்ன, எங்களுக்குத் திரும்பும்போதுதான் கையில் பை இருக்கும்.

குப்பை டிராக்டர் டவுன் சந்தியோடு நின்றுவிடுவதற்கு ஒரு சட்டப் பரம்பரை உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. வாக்குப் போடத் தடையில்லை. குப்பை அள்ளத்தான் தடை. 2018இல் அதைத் திருத்தினார்கள். திருத்தம் பாராளுமன்றத்தில் ஏறிவிட்டது. டிராக்டர்தான் எங்கள் மேட்டுக்கு இன்னும் கியர் மாற்றவில்லை.

ஆகவே எங்களுக்கு இரண்டே வழி. ஒன்று அடுப்பு. கேகாலை மழையில் ரப்பர் விறகு எங்கே காய்கிறது? அம்மாயி ஒரு சிலிசிலிப் பையைச் சுருட்டிப் பற்றவைப்பார். சாயத் தண்ணி கொதிப்பதற்குள் காம்பராவே இருமத் தொடங்கிவிடும்.

மற்றது கான். ராத்திரி மழை அடித்துக்கொண்டு போய்விடும். “எங்க போகும் அம்மாயி?” என்றால், “பணிய லயத்துக்கு” என்பார், பரம திருப்தியாக. பணிய லயம் அதை ஓடைக்குத் தள்ளும். ஓடை களனி கங்கையில் விழுந்து, ஹங்வெல்லை, கடுவலை தாண்டி, கொழும்புக்குக் குடிதண்ணீர் எடுக்கும் அம்பத்தளைக்குப் போகும். ஆக, கொழும்புக்கும் எங்கள் லயத்துக்கும் உறவு விட்டுப்போகவில்லை.

கான் அடைத்துக்கொண்டால் கதை வேறு. தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், மண் சரியும். 2016இல் அரநாயக்க மண்சரிவைப் பார்த்த மாவட்டம் இது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லையில் கொழும்பின் குப்பை மலையே சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

அதற்குப் பிறகு தடை வர்த்தமானிகள் வரிசையாக வந்தன. 2017 செப்டம்பரில் லஞ்ச் சீட்டும் ரெஜிஃபோம் பெட்டியும்; 2021இல் குட்டி சஷேக்கள்; 2023 அக்டோபரில் ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் இடியாப்பத் தட்டு, யோகட் கரண்டி.

“ஏன்யா, நம்ம இடியாப்பத் தட்டப் புடுங்க வருவாங்களா?” என்றார் அம்மாயி.

“விக்கத்தான் தடை. வச்சிருக்கலாம்.”

“யோகட் கரண்டி?”

“அதுவும் தடை.”

“கோப்பை?”

“அதுக்கு விதிவிலக்கு.”

“அப்ப நக்கித்தான் திங்கணுமா?”

வர்த்தமானியில் அதற்குப் பதில் இல்லை. விதிவிலக்குப் பெற்ற அந்தக் கோப்பை நமக்கு ஐந்து நிமிடத் தின்பண்டம். மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்புக்கு ஒரு வாரப் பிரசவ விடுதி. பி.எச்.ஐ. வரும் நாளில் மட்டும் எங்கள் லயத்தில் அத்தனை கோப்பையும் கவிழ்ந்து கிடக்கும்.

2025 நவம்பர் முதல் கடைக்காரர் கைபிடிப் பையை இலவசமாகத் தரக் கூடாது. பில்லில் காசு போட வேண்டும். சுற்றாடல் தினப் பேச்சுகளுக்கு மசியாத பக்கத்துக் காம்பரா மாமா, இப்போது பருப்பையும் கருவாட்டையும் சாரத்து மடியில் கட்டிக்கொண்டு மேடேறுகிறார். மானம் போனாலும் காசு போகக் கூடாது என்பது அவர் கொள்கை. சுற்றாடலுக்கு அது போதும்.

இறக்க வண்டியில்லாத இடத்தில் ஏற்றாமல் இருப்பதுதான் புத்தி. மாச் சாக்கைத் தைத்தால் பை. மரக்கறித் தோலைக் குழியில் போட்டால் வாழைக்கு எரு. மிஞ்சியதை அள்ளுவது சபையின் வேலை. அடுத்த முறை சபைக்கு வாக்குக் கேட்டு மேடேறி வருகிறவரிடம், டிராக்டர் எந்தக் கிழமை வரும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அவர் நீட்டும் துண்டுப் பிரசுரத்தை வாங்காதீர்கள். அதையும் நாம்தான் எரிக்க வேண்டிவரும்.