நாற்காலி காலி, வரி பாக்கி

2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. பாக்கி 424 கோடி ரூபாயாம். தங்கம் கடத்தினார்களா? பினாமி பேரில் பங்களா வாங்கினார்களா? இல்லை. குற்றம் அதைவிடப் பெரியது. ஏழையாகிவிட்டார்கள்.

வரவில் பாதிக்கு மேல் அரசுப் பணமாக இருந்தால்தான் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனம் என்ற பேரில் வரிவிலக்கு உண்டு. கோட்டை கொடுத்ததோ பாதிக்கும் கீழே. அப்படியானால் நீ அரசு நிறுவனமே இல்லை, வரியைக் கட்டு என்றது டெல்லி. ஒரு அரசு கொடுக்கவில்லை என்பதற்காக இன்னொரு அரசு பிடுங்கியது. பிச்சை குறைந்ததற்குத் திருவோட்டுக்கு அபராதம்! சம்பளமும் ஓய்வூதியமும் தள்ளாடின. ஆராய்ச்சியைக் கேட்கிறீர்களா? முதலில் பென்ஷன் வரட்டும் சார்.

சரி, டெல்லியில் போய் வாதாடத் துணைவேந்தர் ஒருவர் வேண்டாமா? 2023 ஆகஸ்டில் காலியான அந்த நாற்காலி 2025லும் காலிதான். தேடல் குழுவில் யுஜிசி ஆள் இருந்தே தீர வேண்டும் என்றது ராஜ்பவன். கூடவே கூடாது என்றது கோட்டை. நியமிப்பது யார் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். இந்தச் சண்டைக்கான வக்கீல் ஃபீஸுக்கு மட்டும் இரு தரப்பிலும் தட்டுப்பாடு வந்ததாகத் தகவல் இல்லை.

1913இல் இதே பல்கலைக்கழகம் ஒரு துறைமுக குமாஸ்தாவைக் கூப்பிட்டு மாதம் 75 ரூபாய் கொடுத்தது. எஃப்.ஏ. தேறாதவர், பட்டமே இல்லாதவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடு, போய்க் கணக்குப் போடு என்றது. அவர் ராமானுஜன். அது அந்நிய ஆட்சி, நினைவிருக்கட்டும். 1950களில் ஜி.என். ராமச்சந்திரன் இங்கே உட்கார்ந்து, கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ்ரே கதிரில் ஆராய்ந்து, கொலாஜன் புரதம் மூன்று இழைகளாக முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று உலகுக்குச் சொன்னார். 1963இல் அவரும் சகாக்களும் தந்த வரைபடம் இல்லாமல் இன்றும் எந்த நாட்டிலும் புரத ஆராய்ச்சி பாடப் புத்தகம் இல்லை. அப்போது நாற்காலியில் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் இருந்தார். 27 ஆண்டுகள் இருந்தார்.

இன்று அந்த ராமச்சந்திரன் வந்து கங்காரு வால் வேண்டும் என்று கேட்டால், மூன்று டெண்டர், நாலு தணிக்கை ஆட்சேபணை, கையெழுத்துப் போட ஆளில்லை என்ற பதில். வால் அழுகிவிடும்.

பட்டமளிப்பு மேடையில் மட்டும் ராமானுஜன் இரண்டு அரசுகளுக்கும் சொந்தம். கவர்னர் பேச்சிலும் வருவார், அமைச்சர் பேச்சிலும் வருவார். அடுத்த முறை யாராவது அந்தப் பெயரை எடுத்தால் கைதட்டாதீர்கள். இந்த ஆண்டு மானியம் எவ்வளவு என்று எழுந்து நின்று கேளுங்கள்.